படைவீரரும் ஆட்சியாளரும்: சர் தாமஸ் மன்றோ



தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் கழகம் இருக்கிறது. சென்னையின் தென்புறத்தில் வாழும் நமக்குச் சீருடை அணிந்தவர்களைக் காண்பது புதிதன்று. அவர்கள் எல்லையைக் காக்கிறார்கள், ஆட்சியை நடத்துவோர் வேறு சிலர் என்று நாம் பிரித்து எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆயினும் சரித்திரத்தைப் புரட்டினால், வாளைக் கீழே வைத்துவிட்டு எழுதுகோலைக் கையில் எடுத்தவர்கள் பலரைக் காணலாம். போர்க்களத்தில் பெற்ற கல்வி ஆட்சிக்கு உதவுமா? கட்டளையிட்டுப் பழகிய நாவினர் குடிகளின் முறையீட்டைக் கேட்கும் செவியையும் பெறுவாரா? இந்தக் கேள்விக்கு விடை தேடவே இன்று ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

இத்தகையோர் நம் நாட்டிலும் உண்டு, பிற நாடுகளிலும் உண்டு. தொண்டை மண்டலத்தில் பிறந்த அரியநாத முதலியார் பதினாறாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்களிடம் தளவாயாகவும் பிரதானியாகவும் விளங்கினார். படையை நடத்தியவரும் அவரே, பாளையங்களை வகுத்து நிருவாகத்தை அமைத்தவரும் அவரே. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு 1828-இல் இங்கிலாந்தின் பிரதம மந்திரியானார். சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியப் படைத்தலைவரான ஜெனரல் கரியப்பா, 1953-இல் ஓய்வு பெற்றபின் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நம் தூதராகச் சென்றார். ஆனால் தமிழ்நாட்டு உழவனின் வீட்டுப் பெட்டிவரை தம் கைத்தடத்தை விட்டுச் சென்ற படைவீரர் ஒருவரே. அவர்தாம் சர் தாமஸ் மன்றோ.

சென்னைத் தீவுத்திடலின் அருகே, கோட்டையிலிருந்து அண்ணா சாலைக்கு வரும் வழியில், குதிரைமேல் அமர்ந்த அவருடைய சிலையை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை என்று சிற்பியைக் குறைகூறிச் செல்வோர் உண்டு. சிலையின் குறையைப் பேசியவர்களுள் சிலைக்கு உரியவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. அவர் அந்நிய ஆட்சியின் ஊழியர். ஆகையால் அவரைப் போற்றவும் தயக்கம் வரும், தூற்றவும் எளிதாகும். இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, செய்த செயல்களைக் கொண்டு அவரை அளந்து பார்ப்போம்.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் நடத்தியவர். அமெரிக்க மக்கள் விடுதலைப் போர் தொடங்கியதும் அந்த வாணிகம் நொடித்துப்போயிற்று. கல்லூரியில் பயின்ற மகன் பிழைப்புத் தேடிக் கப்பலேற வேண்டியதாயிற்று. அமெரிக்கா விடுதலை பெற எழுந்ததால் வறுமையுற்ற ஒரு குடும்பத்துப் பிள்ளை, இந்தியா விடுதலை இழந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே வந்து சேர்ந்தார். சரித்திரத்தின் போக்கு இப்படியும் இருக்கிறது. இளமையில் அம்மை நோயால் அவருடைய காது சிறிது மந்தமாயிற்று. செவி மந்தமான அவரே மொழிகளைக் கற்பதில் பெரும் ஆர்வம் காட்டினார். ஒரே ஒரு ஸ்பானிய நாவலைப் படிப்பதற்காக அகராதியின் துணையோடு ஸ்பானிய மொழியைத் தாமே கற்றுக்கொண்டவர் அவர்.

1780 ஜனவரி 15-ஆம் நாள், பதினெட்டு வயது இளைஞராக, கிழக்கிந்தியக் கும்பினியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சென்னைக்கு வந்து இறங்கினார். அவ்வாண்டு ஜூலையில் மைசூர் ஹைதர் அலி பெரும்படையுடன் கருநாடகச் சமவெளியில் இறங்கினார். கும்பினிப் படை பரங்கிமலையில் கூடி, ஆகஸ்டு இறுதியில் காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டது. அதன் தலைவர் சர் ஹெக்டர் மன்றோ. பெயர் ஒத்திருப்பதன்றி, நம் மன்றோவுக்கு அவர் நெருங்கிய உறவினர் அல்லர். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படைப்பிரிவு அடியோடு அழிந்தது. சில மைல் தொலைவிலிருந்தும் பெரும்படை உதவிக்குச் சென்று சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு, படை செங்கற்பட்டுக்கும் அங்கிருந்து சென்னைப்புறத்துக்கும் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலில் நடந்து வந்தவர்களுள் தாமஸ் மன்றோவும் ஒருவர். வண்டலூர், தாம்பரம் வழியாக இன்று நாம் மின்சார இரயிலில் ஒரு மணி நேரத்தில் கடந்து வரும் நாட்டை, தோற்ற படையின் கடைநிலை அதிகாரியாக அவர் கடந்தார்.

தோல்வி நல்ல ஆசிரியன் என்பார்கள். அந்தப் போரில் செங்கற்பட்டுச் சீமை பட்ட பாடு சொல்லில் அடங்காது. இரு தரப்புப் படைகளாலும் ஊர்கள் பாழாயின, ஏரிக்கரைகள் உடைந்தன, குடிகள் சிதறினர். உழுபவன் ஓடிவிட்டால் அரசுக்கு வரியும் இல்லை, படைக்கு அரிசியும் இல்லை என்பதை மன்றோ நூலில் படித்து அறியவில்லை, கண்ணால் கண்டு அறிந்தார். போர் 1784 வரை நீடித்தது. பிற்காலத்தில் தம் சகோதரிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், இந்தியாவில் வெள்ளையர் யாவரும் சுகபோகத்தில் திளைக்கிறார்கள் என்ற எண்ணத்தை அவர் நகைச்சுவையோடு மறுத்தார். தரையில் படுத்ததையும், குண்டுப் பையைத் தலையணையாக வைத்துக்கொண்டதையும் அதில் சொல்லியிருக்கிறார். ஓய்வு நேரத்தில் இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் கதையைப் போன்ற ஒரு கதையைப் பாரசீகக் கைப்பிரதி ஒன்றில் கண்டு ஆங்கிலத்தில் பெயர்த்தும் தந்தார்.

இந்த மொழிப் பயிற்சியே அவருடைய வாழ்வைத் திருப்பியது. 1792-இல் திப்பு சுல்தானுடன் நடந்த போர் முடிந்தபோது பாராமகால் கும்பினியின் வசமாயிற்று. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகள் அவை. புதிய சீமையில் வரியைத் திட்டம் செய்ய யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு சென்னையில் இருந்த சிவில் உத்தியோகஸ்தர்களைப் பார்த்தார். குடிகளின் மொழியைப் பேசத் தெரிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே. ஆகவே கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரியைத் தலைவராகவும், மன்றோ முதலிய இளம் படை அதிகாரிகளை உதவியாளராகவும் நியமித்தார். படைவீரர் ஆட்சியாளரானது இவ்வாறுதான். வீரத்துக்குப் பரிசாக அந்தப் பதவி வரவில்லை, மக்கள் மொழி தெரிந்ததால் வந்தது. மாணவர்கள் இதைக் கருத்தில் வைத்தல் நலம்.

அப்போது வங்காளத்தில் ஜமீன்தாரி முறை நிலைபெற்றுக்கொண்டிருந்தது. ஜமீன்தார் என்ற ஒருவரிடம் பல ஊர்களை ஒப்படைத்து, ஆண்டுதோறும் இன்ன தொகை தரவேண்டும் என்று என்றைக்கும் மாறாதபடி முடிவு செய்வது அம்முறை. அரசுக்கு வேலை குறைவு. ஆனால் உழவனுக்கும் அரசுக்கும் இடையே ஒரு பெருஞ்சுவர் எழுந்துவிடும். பாராமகாலில் ரீடும் மன்றோவும் வேறு வழியை நாடினர். வயல்களை ஒவ்வொன்றாக அளந்தனர். மண்ணின் தன்மை, நீரின் வசதி இவற்றைக் கொண்டு வரியைக் கணித்தனர். அந்த வரியை உழவனிடமே பேசி, அவன் பெயருக்கே பட்டா எழுதித் தந்தனர். விரும்பினால் ஒரு வயலை அவன் வைத்துக்கொள்ளலாம், இயலாவிட்டால் விட்டுவிடலாம். ரயத்து என்றால் குடியானவன். ஆகவே இதற்கு ரயத்துவாரி முறை என்று பெயர் வந்தது. இந்த ஏழு ஆண்டுகளில் மன்றோ குதிரை மீதும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். ஒரு தளபதி போருக்கு முன் களத்தின் மேடுபள்ளத்தை அறிந்துகொள்வதுபோல, அவர் சீமையின் மேடுபள்ளத்தை அறிந்துகொண்டார்.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் சிறிது காலம் கன்னடக் கடற்கரையில் கலெக்டராக இருந்தார். 1800 முதல் 1807 வரை ஐதராபாத் நிசாம் விட்டுக்கொடுத்த சீமைகளுக்குத் தலைமைக் கலெக்டராக விளங்கினார். பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை முதலிய பகுதிகள் அவை. அங்கே ஏறத்தாழ எண்பது பாளையக்காரர்கள் தத்தம் கோட்டைகளில் படை வைத்திருந்தனர். அவர்களை அடக்கியதில் மன்றோ படைவீரராகவே நடந்தார். சிலரை வெளியேற்றினார், சிலருக்கு உபகாரச் சம்பளம் தந்து ஒதுக்கினார். அவருடைய கடுமையை இலண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்களே குறைகூறினர். அதே மனிதர், ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்தில் கழித்து, ஊர்தோறும் குடிகளின் வழக்கைக் கேட்டார்.

சீமை முழுவதும் அளந்து முடிந்ததும் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அரசு கேட்கும் வரி மொத்த விளைவில் ஏறத்தாழ 45 சதவீதம் ஆயிற்று. நூறு கலம் விளைந்தால் நாற்பத்தைந்து கலம் அரசுக்குப் போகும். எஞ்சியதில் வித்துக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் ஒதுக்கியபின் உழவனுக்கு என்ன மிஞ்சும்? நிலத்துக்கு மதிப்பு வரவேண்டுமானால் வரி மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்றும், ஆகவே நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்கவேண்டும் என்றும் அவர் 1807-இல் எழுதினார். சென்னை அரசு இணங்கவில்லை. மன்றோ விடுமுறையில் தாய்நாடு சென்றபின், ஊர்களைக் குத்தகைக்கு விடும் முறையைக் கொண்டுவந்தது. அதனால் பலர் கெட்டு நொந்தனர். தாம் கேட்ட வரிக்குறைப்பை, பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தாமே கவர்னராக வந்த பிறகுதான் மன்றோவால் நடைமுறைக்குக் கொண்டுவர முடிந்தது.

1813-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். இந்தியர்களின் வேளாண்மை, கைத்தொழில், ஊர்தோறும் உள்ள பள்ளிகள் இவற்றை எடுத்துக்காட்டி, நாகரிகத்தை இரு நாடுகளும் பண்டமாற்றுச் செய்தால் ஆதாயம் அடைவது இங்கிலாந்தாகவே இருக்கும் என்ற கருத்தைத் துணிவாக வெளியிட்டார். 1814-இல் நீதி, காவல் துறைகளைச் சீர்திருத்தும் குழுவின் தலைவராகச் சென்னைக்குத் திரும்பினார். அவருடைய யோசனையின்படி 1816-இல் புதிய சட்டங்கள் பிறந்தன. கிராமத் தலைவரே சிறு வழக்குகளைத் தீர்க்கும் கிராம முன்சீப் ஆனார். இந்தியரான மாவட்ட முன்சீப்புகளின் அதிகாரம் விரிந்தது. ஜில்லா நீதிபதியிடம் இருந்த மாஜிஸ்திரேட் அதிகாரமும் காவல் அதிகாரமும் கலெக்டரின் கைக்கு மாறின. இந்தக் கடைசி மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

அடுத்த ஆண்டே மராட்டியப் போர் மூண்டது. மன்றோ மீண்டும் வாளை எடுத்தார். கையில் இருந்த படை மிகச் சிறியது. அந்தந்த ஊர்க் குடிகளையே சேவகராகச் சேர்த்துக்கொண்டு, 1817, 1818-ஆம் ஆண்டுகளில் பாதாமி, பெல்காம், சோலாப்பூர் முதலிய கோட்டைகளைப் பிடித்தார். மக்கள் தாமே முன்வந்து அவருக்கு உதவியதை இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் கானிங் என்னும் அமைச்சர் வியந்து பேசினார். கலெக்டராகச் சம்பாதித்த நம்பிக்கை தளபதிக்குக் கைகொடுத்தது. பின்னர் மேஜர் ஜெனரல் பதவியும், சர் பட்டமும் பெற்று, 1820 ஜூன் 10-ஆம் நாள் சென்னை மாகாணத்தின் கவர்னராகப் பதவி ஏற்றார். கடைநிலை வீரராகக் கால்வைத்த அதே கோட்டையில், நாற்பது ஆண்டுகள் கழித்து, மாகாணத்தின் தலைவராக அமர்ந்தார்.

ஆசிரியத் தொழிலில் என் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், அவருடைய கவர்னர் பதவிக் காலத்துச் செயல் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். இந்தியர்களுக்குக் கல்வி இல்லை என்று அக்காலத்தில் பலர் பேசினர். எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தோமா என்று கேட்டவர் மன்றோ. 1822 ஜூன் 25-ஆம் நாள் ஒரு குறிப்பு எழுதி, ஒவ்வொரு கலெக்டரும் தம் ஜில்லாவில் உள்ள பள்ளிகளையும் மாணாக்கர்களையும் எண்ணி அனுப்பவேண்டும் என்று உத்தரவிட்டார். கணக்குகள் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அதாவது ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. மாணாக்கர் 1,88,650 பேர். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுள் நால்வரில் ஒருவர் பள்ளி சென்றனர் என்றும், வீட்டில் கற்றவர்களையும் சேர்த்தால் மூவரில் ஒருவரை நெருங்கும் என்றும் மன்றோ கணித்தார். திண்ணைப் பள்ளிகள் எவ்வளவு பரவியிருந்தன என்பதற்கு இன்றும் நாம் காட்டும் சான்று இந்தக் கணக்கே.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த மாணாக்கருள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. பழம்பெருமை பேசுவோர் முதல் எண்ணை மட்டும் சொல்வர், பழமையை இகழ்வோர் இரண்டாம் எண்ணை மட்டும் சொல்வர். சரித்திர மாணவன் இரண்டையும் சொல்லவேண்டும்.

கல்வி தாழ்ந்ததற்குக் காரணம் என்ன என்பதையும் மன்றோ ஆராய்ந்தார். மக்களின் வறுமை ஒன்று, ஆசிரியரின் வறுமை மற்றொன்று. மாதம் ஆறு, ஏழு ரூபாய் வருவாய்க்குத் தகுதியுள்ள ஆசிரியர் எப்படிக் கிடைப்பார் என்று அவர் கேட்டார். ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளிகளும் தாசில்தோறும் ஒரு பள்ளியும் ஏற்படுத்தி, ஆசிரியருக்கு முறையே பதினைந்து ரூபாயும் ஒன்பது ரூபாயும் அரசே தரவேண்டும் என்றும், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டும் என்றும் 1826-இல் திட்டம் வகுத்தார். மறு ஆண்டு அவர் மறைந்தார். பேணுவார் இன்றி அந்தப் பள்ளிகள் நலிந்து, 1836-இல் மூடப்பட்டன. அரசின் பார்வை அதற்குள் ஆங்கிலக் கல்வியின் பக்கம் திரும்பிவிட்டது.

ஆட்சியைப் பற்றிய அவர் கருத்து என்ன? 1824 டிசம்பர் 31-ஆம் நாள் எழுதிய நீண்ட குறிப்பில், உயர்ந்த பதவிகளுக்கு இந்தியர்களை வரவிடாமல் தடுத்துவிட்டு அவர்களுடைய ஒழுக்கம் உயரவேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது என்று வாதிட்டார். தம்மைத் தாமே ஆளும் தகுதியை இந்தியர் அடையும் நாளில் ஆங்கிலேயர் விலகிக்கொள்வதே இரு நாட்டுக்கும் நன்று என்றும் எழுதினார். காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சொற்கள் இவை. எனினும் 1822-இல் இதே மன்றோ, இந்தியாவில் பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் தரலாகாது என்று எழுதினார். அந்நியர் ஆட்சியும் பத்திரிகைச் சுதந்திரமும் ஓரிடத்தில் நெடுங்காலம் வாழமுடியாது என்பது அவருடைய காரணம். காரணம் சரியானதே. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு ஆளுவோருக்கு ஏற்றதாக இருந்தது. நம் நாட்டுத் தலைவர்கள் அதே காரணத்திலிருந்து வேறு முடிவை எடுத்து, பத்திரிகைகளை விடுதலைப் போரின் கருவிகளாக்கினர்.

1827-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பும் முன், தாம் முன்னர்ப் பணிபுரிந்த சீமையை ஒருமுறை பார்த்துவர எண்ணிப் புறப்பட்டார். வழியில் வாந்திபேதி நோய் முகாமில் பரவியது. ஜூலை 6-ஆம் நாள் பத்திகொண்டா என்ற ஊரில் அவர் காலமானார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1831-இல் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மக்கள் தந்த நிதியைக் கொண்டு சாண்ட்ரி என்ற சிற்பி செய்த சிலை 1839-இல் நிறுவப்பட்டது. கடப்பை, அனந்தப்பூர்ப் பக்கங்களில் மன்றோலப்பா என்று பிள்ளைகளுக்குப் பெயரிட்டு அழைத்தனர் என்பர். அயல்நாட்டு அதிகாரிகளுள் இந்தப் பேறு பெற்றவர் அரியர்.

இதுவரை சொன்னது தராசின் ஒரு தட்டு. மற்றொரு தட்டையும் பார்க்கவேண்டும்.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன 1816-ஆம் ஆண்டு மாற்றத்துக்கு வருவோம். வரி வசூல், காவல், மாஜிஸ்திரேட் அதிகாரம் மூன்றும் ஒரே கையில் சேர்ந்தன. மன்றோ இதற்கு நல்ல காரணம் வைத்திருந்தார். ஒரு சிறு முறையீட்டுக்காக ஏழைக் குடியானவன் தொலைதூர ஜில்லாக் கோர்ட்டுக்கு நடந்து, வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்து, உழவு நாளை இழப்பானேன்? ஊரையும் மொழியையும் அறிந்த கலெக்டரே கேட்டுத் தீர்க்கட்டும் என்பது அவர் எண்ணம். படையில் ஒரு தளபதிக்கு மேல் இருந்தால் போர் கெடும் என்று கற்றவர் அல்லவா? ஆனால் ஆட்சி போர்க்களம் அன்று. கலெக்டர் மன்றோவாக இருந்தபோது அந்த அதிகாரம் நிழல் தந்தது. கலெக்டருக்குக் கீழே தாசில்தாரும், அவர் கீழே சேவகர்களும் அதே அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டபோது அது தடியாயிற்று. வரி கேட்க வருபவனே காவற்காரனாகவும் இருந்தால், அடிபட்டவன் யாரிடம் முறையிடுவான்? வரி வசூலில் குடிகள் சித்திரவதைக்கு உள்ளாவது பற்றி விசாரிக்க 1854-இல் சென்னையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1855-இல் அதன் அறிக்கை, அந்தக் கொடுமைகள் உண்மையே என்றும், வரித்துறையும் காவல்துறையும் ஒரே ஊழியரிடம் இருப்பது பெருந்தீங்கு என்றும் கண்டது. 1859-இல்தான் காவல்துறை தனியே பிரிக்கப்பட்டது. நல்லவரை நம்பி அமைக்கப்பட்ட முறை, நல்லவர் இல்லாத காலத்தில் என்ன ஆகும் என்று முன்கூட்டிக் கேட்கவேண்டும். மன்றோ கேட்கத் தவறிய கேள்வி அது.

இன்னொன்றும் உண்டு. இதை நம் செங்கற்பட்டுச் சீமையிலேயே காணலாம். பட்டா வயலை அளந்தது, வயலுக்கு உரியவனின் பெயரையும் எழுதியது. ஆனால் அந்த வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டு, களை பறித்து, ஏற்றம் இறைத்தவனின் பெயர் அதில் இல்லை. இச்சீமையில் காணியாட்சி உரிமை பெற்ற மிராசுதாரர்கள் ஒருபுறமும், பண்ணையடிமைகளாக வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்கள் மறுபுறமும் இருந்தனர். மன்றோ தீர்த்த வழக்கு அரசுக்கும் பட்டாதாரருக்கும் இடையே இருந்த வழக்கு. மூன்றாமவர் ஒருவர் சேற்றில் நின்றுகொண்டிருந்ததை அந்தக் கணக்கு காணவில்லை. 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், அந்த மக்களின் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு அரசு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் கேள்விப்படுவது அதுவே. மன்றோ மறைந்து அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், அவர் அளவைச் சங்கிலி தொடாத இடத்தை இன்னொரு கலெக்டர் தொட்டார்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். சிறுசேரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியும் நஞ்சையுமாக இருந்த சிற்றூர் அது. இன்று அங்கே சிப்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்திருக்கிறது. கண்ணாடிச் சுவர்க் கட்டடங்கள் வானளாவி நிற்கின்றன. ஆயினும் அந்தக் கட்டடங்களின் அடியில் இருக்கும் மண்ணுக்கு இன்றும் புல எண் உண்டு, பட்டா உண்டு. நிலம் கை மாறியபோது இழப்பீடு யாருக்குச் செல்லும் என்பதை முடிவு செய்வது அந்தக் காகிதமே. பெயர் எழுதப்பட்டவன் பெறுவான். பெயர் எழுதப்படாமல் அதே மண்ணில் உழைத்தவன் வேறு கூலி தேடிப் போவான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நில அளவை இன்னும் திருத்தமாக நடந்தது, விடுதலைக்குப் பின் பல சட்டங்கள் வந்தன. கிராம முன்சீப் பதவியும் கணக்குப்பிள்ளை பதவியும் 1980-இல் தமிழ்நாட்டில் ஒழிந்து, கிராம நிர்வாக அதிகாரி வந்தார். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதியை நிருவாகத்திலிருந்து தெளிவாகப் பிரித்தது. எனினும் மாவட்டம் என்றால் கலெக்டர், நிலம் என்றால் பட்டா என்று நாம் எண்ணும் எண்ணத்தில், பாராமகாலில் வயல் வயலாக நடந்த அந்தப் படை அதிகாரியின் காலடி இருக்கிறது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இனி விடை சொல்லலாம். போர்க்களக் கல்வி ஆட்சிக்கு உதவுமா? மன்றோவின் வாழ்க்கை இரு விடைகளைத் தருகிறது. களத்தை நேரில் காண்பது, மக்களின் மொழியைக் கற்பது, வசதியைத் துறந்து கூடாரத்தில் தங்குவது, கேள்விப்பட்டதை நம்பாமல் எண்ணிப் பார்ப்பது ஆகியவை படைத்தொழில் அவருக்குத் தந்த நற்பழக்கங்கள். எந்த உத்தியோகஸ்தருக்கும் அவை அணிகலன். அதிகாரம் அனைத்தும் ஒரே கையில் இருந்தால் காரியம் நடக்கும் என்பதும் படைத்தொழில் தந்த பழக்கமே. அது பின்வந்த தலைமுறைக்குச் சுமையாயிற்று. முதலாவதை ஏற்று, இரண்டாவதை விலக்குவது நம் கடமை.

உங்களுள் சிலர் நாளை பரங்கிமலையில் பயிற்சி பெற்றுப் படைக்குச் செல்லலாம். சிலர் தேர்வெழுதிக் கலெக்டராகவும் வரலாம். எந்தப் பதவிக்கு வந்தாலும், கையில் வரும் கணக்கேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எந்த அரசாணையும் வேண்டியதில்லை. வயல்வரை நடந்து சென்று பார்க்கும் மனம் இருந்தால் போதும்.